ஆட்டம் முடிந்த பின் எஞ்சுபவை

2024-ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்கள் 3-ஆம் நாள், ஆஸ்திரேலியாவின் சிட்னி நகரில் ஒரு பழைய தொப்பி ஏலத்துக்கு வந்தது. கரும்பச்சை நிறத்தில் தைக்கப்பட்ட கம்பளித் தொப்பி. வெயில் பட்டு அதன் நிறம் வெளுத்திருந்தது. பூச்சி அரித்த தடங்களும் அதில் இருந்தன. நம் வீட்டுப் பரணில் கிடந்திருந்தால் பழைய துணிக்குப் பாத்திரம் கொடுப்பவரும் அதை வாங்கத் தயங்கியிருப்பார். ஆனால் ஏலம் தொடங்கிப் பத்து நிமிடங்களுக்குள் அத்தொப்பி 3,90,000 ஆஸ்திரேலிய டாலருக்கு விலை போயிற்று. ஏல நிறுவனத்தின் கட்டணமும் சேர, வாங்கியவர் செலுத்திய தொகை 4,79,700 டாலர்.

அது டொனால்ட் பிராட்மன் அணிந்த தொப்பி. 1947-48-ஆம் ஆண்டுகளில், நாடு விடுதலை பெற்ற சில மாதங்களுக்குள், லாலா அமர்நாத்தின் தலைமையில் இந்திய அணி ஆஸ்திரேலியா சென்றது. அந்தத் தொடரின் டெஸ்ட் பந்தயங்களில் பிராட்மன் ஆறு முறை மட்டை பிடித்து 715 ஓட்டங்கள் எடுத்தார். அவற்றுள் நான்கு சதங்கள் அடங்கும். நம் பந்து வீச்சாளர்கள் பட்ட பாட்டை இதற்கு மேல் விவரிக்க வேண்டியதில்லை. பிராட்மன் தம் தொப்பியை இந்திய அணியின் மேலாளராகச் சென்றிருந்த பங்கஜ் குப்தாவுக்கு அன்பளிப்பாகத் தந்தார். குப்தா அதனை அணியின் இளம் விக்கெட் காப்பாளரான வங்காளத்துப் பிரபீர் சென்னிடம் கொடுத்தார்.

இந்தப் பிரபீர் சென் தமிழ் மக்களுக்கு முற்றிலும் அயலார் அல்லர். 1952-ஆம் ஆண்டு பிப்ரவரியில் சென்னைச் சேப்பாக்கத்தில் இங்கிலாந்தை ஓர் இன்னிங்ஸும் 8 ஓட்டங்களும் வித்தியாசத்தில் வென்று, டெஸ்ட் பந்தயத்தில் இந்தியா முதல் வெற்றியை ஈட்டியதே, அன்று விக்கெட்டுக்குப் பின்னால் நின்றவர் அவர்தாம். வினு மன்கட் அப்பந்தயத்தில் பன்னிரண்டு விக்கெட்டுகளை வீழ்த்தினார். அவர் வீசிய பந்துகளில் ஐந்து பேரைச் சென் ஸ்டம்ப் செய்து வெளியேற்றினார். சேப்பாக்கத்தில் கைதட்டிய மக்களுள் எத்தனை பேர், அந்தக் கல்கத்தாக்காரரின் வசம் பிராட்மனின் தொப்பி ஒன்று இருக்கிறதென்று அறிந்திருப்பார்கள்?

ஆக, சிட்னியில் அரை இலட்சம் டாலரின் பத்து மடங்கை நெருங்கிய அந்த விலை எதற்காகக் கொடுக்கப்பட்டது? கம்பளிக்காக அன்று என்பது வெளிப்படை. பிராட்மன் என்ற பெயருக்காக என்று சொன்னாலும் முழு விடை ஆகாது. அக்காலத்தில் ஆஸ்திரேலிய ஆட்டக்காரருக்குத் தொடர்தோறும் புதிய தொப்பி வழங்குவார்கள். எனவே பிராட்மன் அணிந்த தொப்பிகள் பல உண்டு. கொடுத்தவர் யார், வாங்கியவர் யார், அடுத்து யார் கைக்குச் சென்றது என்று வழிவழியாகச் சொல்லத்தக்க சான்று இத்தொப்பிக்கு இருந்தது. சேகரிப்போர் விலை கொடுத்தது பெரும்பகுதி அதற்குத்தான் என்பது என் கருத்து. நிலம் வாங்குவோர் மூலபத்திரத்தைப் பார்ப்பது போலத்தான் இதுவும்.

இதே தொடரைச் சார்ந்த இன்னொரு தொப்பியும் உண்டு. பிராட்மன் அதனை இந்திய அணியின் ஸ்ரீரங்க சோஹோனி என்பாருக்குத் தந்தார். அக்குடும்பத்தார் மூன்று தலைமுறைகளாக அதைப் பூட்டி வைத்துக் காத்தனர். வீட்டுப் பிள்ளைகளுக்குப் பதினாறு வயது நிரம்பினால் ஐந்து நிமிடம் மட்டும் காட்டுவார்களாம். 2026 ஜனவரியில் அதுவும் ஏலத்துக்கு வந்து விலை போயிற்று. கோயில் நகைகளைத் திருவிழா அன்று மட்டும் எடுத்துச் சாத்தும் வழக்கம் நமக்குத் தெரியும். ஒரு கிரிக்கெட் தொப்பிக்கு அந்த மரியாதை கிடைத்ததை எண்ணினால் வியப்பும் வருகிறது, சற்றே சிரிப்பும் வருகிறது.

விளையாட்டு நினைவுப் பொருள்களைச் சேர்க்கும் வழக்கத்தின் வரலாற்றைத் துருவினால், தொடக்கத்தில் அது வேடிக்கையாகவும் உறவின் அடையாளமாகவும் இருந்ததைக் காணலாம். 1882-ஆம் ஆண்டு ஆகஸ்டில் இலண்டன் ஓவல் மைதானத்தில் ஆஸ்திரேலியாவிடம் இங்கிலாந்து தோற்றபோது, ஆங்கிலக் கிரிக்கெட் இறந்துவிட்டதாகவும் அதன் சாம்பல் ஆஸ்திரேலியாவுக்குக் கொண்டு செல்லப்படும் என்றும் ஒரு பத்திரிகை கேலியாக இரங்கற்குறிப்பு வெளியிட்டது. அதற்கடுத்த பருவத்தில் ஐவோ பிளை என்பவரின் தலைமையில் ஆங்கில அணி ஆஸ்திரேலியா சென்றது. மெல்போர்ன் அருகே சன்பரி என்னும் ஊரில் ஒரு மாளிகையில் விருந்தினராக இருந்த பிளைக்கு, அங்கிருந்த பெண்மணிகள் விளையாட்டாகச் சுடுமண் கலசம் ஒன்றைத் தந்தனர். உயரம் நான்கு அங்குலத்துக்குச் சற்று மேல். உள்ளே இருப்பது விக்கெட்டின் மேல் வைக்கும் சிறு கட்டையை எரித்த சாம்பல் என்பது பரவலான நம்பிக்கை. கொடுத்த பெண்மணிகளுள் ஒருவரான ஃபுளோரன்ஸ் மார்ஃபியை 1884-இல் பிளை மணந்துகொண்டார். பிறகு நாற்பது ஆண்டுகளுக்கு மேல் அக்கலசம் அவர்கள் வீட்டுப் பொருளாகவே இருந்தது. 1927-இல் பிளை மறைந்த பின்னரே அவருடைய மனைவியார் அதை லார்ட்ஸ் மைதானத்துக் கழகத்துக்கு அளித்தார். இன்றும் எந்த நாடு வென்றாலும் அசல் கலசம் லார்ட்ஸை விட்டுப் போவதில்லை. ஒரு காதலின் நினைவாக இருந்த சின்னஞ்சிறு பொருள் இரண்டு நாடுகள் பொருதும் பரிசின் பெயராகிவிட்டது.

அதே லார்ட்ஸ் காட்சிச்சாலையில் நமக்கு நெருக்கமான மற்றொரு பொருள் இருக்கிறது: பஞ்சு அடைத்துப் பாடம் செய்த ஒரு சிட்டுக்குருவி. 1936-ஆம் ஆண்டு ஜூலை 3-ஆம் நாள் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்துக்காகப் பந்து வீசிய ஜஹாங்கீர் கானின் பந்தில் அது அடிபட்டு மாண்டது. 1932-இல் இந்தியா லார்ட்ஸில் ஆடிய முதல் டெஸ்ட் பந்தயத்தில் பந்து வீசியவர் இந்த ஜஹாங்கீர் கான். குருவியை அந்தப் பந்தின்மீதே பொருத்தி வைத்திருக்கிறார்கள். அன்றைய ஆட்டத்தில் யார் எத்தனை ஓட்டம் எடுத்தார் என்பதைப் புள்ளிவிவரம் தேடுவோர் மட்டுமே அறிவர். குருவியைப் பார்க்காமல் அந்தக் காட்சிச்சாலையை விட்டு வருவோர் அரியர். எதைப் போற்றி வைப்பது என்பதில் மக்கள் மனம் வெற்றியை மட்டும் அளவுகோலாகக் கொள்வதில்லை என்பதற்கு அந்தப் பாவப்பட்ட பறவையே போதும்.

பணம் படைத்தோர் தொப்பியும் கலசமும் சேர்க்கட்டும். பெரும்பாலோர் சேர்த்தது காகிதமே. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் சிகரெட்டுக் கம்பெனிகள் பெட்டி நசுங்காமலிருக்க உள்ளே ஓர் அட்டையை வைத்தன. அட்டையில் ஆட்டக்காரரின் படத்தை அச்சிட்டால் அடுத்த பெட்டியும் விற்கும் என்பதைக் கண்டுகொண்டன. இங்கிலாந்தில் வில்ஸ் கம்பெனி 1896-இல் ஐம்பது கிரிக்கெட் வீரர்களின் படங்களை வெளியிட்டது. தகப்பனார் புகைத்தார், பிள்ளை படத்தைச் சேர்த்தான். அமெரிக்காவில் 1909 முதல் 1911 வரை வெளிவந்த பேஸ்பால் அட்டைகளுள் ஹோனஸ் வாக்னர் என்னும் வீரரின் அட்டை மட்டும் விரைவில் நிறுத்தப்பட்டது. தம் படத்தைப் புகையிலையோடு விற்பதை அவர் விரும்பவில்லை என்பர் சிலர்; தமக்குரிய பணம் வரவில்லை என்று மறுத்தார் என்பர் வேறு சிலர். எப்படியாயினும் இன்று எஞ்சியிருப்பவை சில பத்துகளே. 2022-இல் ஒன்று எழுபது இலட்சம் டாலருக்கு மேல் விற்றது.

அரிதானது என்பதே விலைக்குக் காரணமாகும்போது, அந்த அருமை எப்படி விளைகிறது என்று பார்ப்பது சுவையானது. 1952-இல் டாப்ஸ் என்னும் கம்பெனி வெளியிட்ட மிக்கி மான்டில் அட்டை 2022 ஆகஸ்டில் ஒரு கோடியே இருபத்தாறு இலட்சம் டாலருக்குப் போயிற்று. அதே தொகுதியில் விற்காமல் கிடங்கை அடைத்துக்கொண்டிருந்த அட்டைகளைக் கம்பெனியார் 1960-இல் படகில் ஏற்றி அட்லாண்டிக் கடலில் கொட்டினார்கள்! வேண்டாமென்று எறிந்ததே எஞ்சியதற்கு மதிப்பைத் தந்தது.

நம் நாட்டில் இவ்வகை அட்டைகள் பிற்காலத்தில்தான் பரவின. 1980-களின் பிற்பகுதியில் பபிள்கம்மோடு கிரிக்கெட் படங்கள் வந்து பள்ளிச் சிறுவர்களை ஆட்டிவைத்தன. அதற்கு முந்திய தலைமுறைக்குக் கத்தரிக்கோலும் கோந்துமே துணை. சென்னையிலிருந்து 1947 முதல் 1968 வரை வெளிவந்த ‘ஸ்போர்ட் அண்டு பாஸ்டைம்’ என்னும் ஆங்கில வார இதழைப் பழைய நேயர்கள் மறந்திருக்க மாட்டார்கள். நாக்பூரிலும் ஜாம்ஷெட்பூரிலும் வேலை பார்த்த நம்மவர் வீடுகளுக்குத் தபாலில் வந்த சென்னைப் பத்திரிகைகளுள் அதுவும் ஒன்று. வளைகோல் மன்னர் தியான்சந்தின் தன்வரலாறான ‘கோல்’ என்னும் நூலை 1952-இல் வெளியிட்டதும் அந்த இதழ் நிலையத்தாரே. ஜான்சிக்காரரின் வாழ்க்கைக் கதை சென்னையில் அச்சேறி நாடெங்கும் சென்றது. இதழில் வந்த படங்களை வெட்டி நோட்டுப் புத்தகத்தில் ஒட்டிய சிறுவனுக்கு, அந்தப் படம் ஆயிரக்கணக்கில் அச்சாயிற்று என்பது பொருட்டல்ல. பணக்காரர் தேடுவது உலகில் ஒன்றே ஒன்றாக உள்ள பொருளை. சிறுவன் தேடுவது தன் அணியில் பதினொருவரும் நிறைவதை. இரண்டாவது ஆசையே தூயது என்று எனக்குத் தோன்றுகிறது. ஆனால் நானும் ஒரு காலத்தில் படம் ஒட்டியவனாகையால் என் தீர்ப்பை நடுநிலையானதாகக் கொள்ள வேண்டாம்.

படத்தை அடுத்து வருவது கையொப்பம். பந்து பலர் கைபட்டது. மட்டை கடையில் வாங்கியது. கையொப்பமோ அந்த மனிதர் ஒரு கணம் நம் பொருட்டு நின்றார் என்பதற்கு அடையாளம். பிராட்மன் ஓய்வு பெற்ற பின்னரும் பல்லாண்டுகள் அடிலெய்டு நகரில் தமக்கு வந்த கடிதங்களுக்குத் தம் கைப்படவே விடை எழுதிக்கொண்டிருந்தார். அவருடைய டெஸ்ட் சராசரி 99.94 என்பதை அறிவோம். ஆஸ்திரேலிய ஒலிபரப்பு நிறுவனத்தின் அஞ்சற்பெட்டி எண்ணும் 9994 என்றிருப்பதை, வானொலியில் பேசுபவன் என்ற முறையில் இங்கே குறிப்பிடாமல் இருக்க முடியவில்லை.

ஆனால் கையொப்பத்தை எளிதில் போலி செய்யலாம். 1990-களில் அமெரிக்காவில் மத்தியப் புலனாய்வுத் துறையினர் போலிக் கையொப்பக்காரர்களின் பெரிய கூட்டம் ஒன்றைப் பிடித்தனர். அவர்கள் சரக்கில் அன்னை தெரேசா கையொப்பமிட்டதாகச் சொல்லப்பட்ட பேஸ்பால் பந்துகளும் இருந்தன. கல்கத்தாவில் நோயாளிகளிடையே வாழ்ந்த அந்த மூதாட்டி எப்பொழுது பேஸ்பால் பந்தை எடுத்துக் கையொப்பமிட்டார் என்று வாங்கியவர்கள் ஒரு கணமேனும் எண்ணிப் பார்த்தார்களா, தெரியவில்லை.

இதனால்தான் இன்று ஏல நிறுவனங்கள் பொருளைவிடச் சான்றையே மிகுதியாக ஆராய்கின்றன. 1986-ஆம் ஆண்டு ஜூன் 22-ஆம் நாள் மெக்சிகோ நகரில் இங்கிலாந்துக்கு எதிராக மரடோனா கையால் ஒரு கோலும் காலால் ஒரு கோலும் போட்ட ஆட்டத்தை உலகம் அறியும். ஆட்டம் முடிந்ததும் அவருடைய சட்டையை மாற்றிக்கொண்டவர் இங்கிலாந்தின் ஸ்டீவ் ஹாட்ஜ். முதல் கோலுக்கு முன் பந்தைத் தவறாக மேலே உதைத்து மரடோனாவுக்கு வழி செய்தவரும் அவரே! 2022 மே மாதத்தில் அச்சட்டை எழுபது இலட்சம் பவுனுக்கு மேல் விற்றது. விற்பனைக்கு முன், அது முற்பாதியில் அணிந்த வேறு சட்டை என்று மரடோனாவின் குடும்பத்தார் வாதிட்டனர். ஏல நிறுவனத்தார் பழைய புகைப்படங்களைப் பெரிதாக்கி, சட்டையின் கோடுகளும் தையலும் அவற்றோடு பொருந்துவதை ஒப்பிட்டு, கோல் போட்ட வேளையில் அணிந்தது அதுவே என்று நிறுவினார்கள்.

சான்றின் அருமை இன்னதென்று நம் மகேந்திர சிங் தோனியும் அறிவார். ராஞ்சியில் பிறந்து சென்னையின் சொந்தப் பிள்ளையாகிவிட்ட அவர், வென்ற ஆட்டங்களின் முடிவில் ஒரு ஸ்டம்பைப் பிடுங்கிக்கொண்டு போவதைப் பலர் கண்டிருப்பார்கள். எது எந்த ஆட்டத்தினுடையது என்று அவர் குறித்து வைக்கவில்லை. ஓய்வு பெற்ற பின் ஆட்டங்களின் ஒளிப்படங்களை ஓட்டிப் பார்த்து, ஸ்டம்பின் மேலுள்ள விளம்பரச் சின்னத்தைக் கொண்டு கண்டுபிடித்துக்கொள்ளலாம் என்பது அவருடைய திட்டமாம். 2014-இல் நடந்த இருபது ஓவர் உலகக் கோப்பையிலிருந்து மின்விளக்குப் பொருத்திய ஸ்டம்புகள் பெரிய போட்டிகளில் பரவிவிட்டன. அவை விலை மிகுந்தவை; ஆட்டக்காரர் பிடுங்கிச் செல்ல இயலாது. எனவே அந்தச் சேகரிப்புக்கும் ஒரு முற்றுப்புள்ளி விழுந்தது.

இதுவரை சொன்னவை பெரும்பாலும் கிடைத்த பொருள்களின் கதை. நம் நாட்டின் விளையாட்டு வரலாற்றில் கிடைக்காத பொருள்களின் கதையே பெரிது. 1911-ஆம் ஆண்டு ஜூலை 29-ஆம் நாள் கல்கத்தாவில் மோகன் பாகான் கழகத்தார் கிழக்கு யார்க்‌ஷயர் படைப்பிரிவு அணியை 2-1 என்று வென்று கேடயத்தைக் கைப்பற்றினார்கள். பதினொருவரில் பத்துப் பேர் வெறுங்காலுடன் ஆடியவர்கள். வேறு நாடாக இருந்தால் வெற்றி கோலைப் போட்டவரின் காலணி கண்ணாடிப் பேழையில் இருக்கும். காலணியே அணியாத காலுக்கு எதைக் கொண்டு பேழையை நிரப்புவது? எஞ்சியது அப்பதினொருவரின் புகைப்படமும், வங்காளிகளின் வாய்வழிப் பெருமையுமே.

ஆனால் இருந்த பொருளையும் இழந்த கதை ஒன்றுண்டு. பல்பீர் சிங் என்ற வளைகோல் வீரரைப் பஞ்சாபிலும் தில்லியிலும் வாழும் நேயர்கள் நன்கு அறிவார்கள். 1948-இல் இலண்டன் ஒலிம்பிக் இறுதி ஆட்டத்தில், நம்மை ஆண்டவர்களின் மண்ணிலேயே, பிரிட்டனை இந்தியா 4-0 என்று வென்றபோது இரண்டு கோல்கள் அவருடையவை. 1952-இல் ஹெல்சிங்கியில் ஹாலந்துக்கு எதிரான இறுதி ஆட்டத்தில் இந்தியா போட்ட ஆறு கோல்களில் ஐந்து அவர் அடித்தவை. 1956-இல் மெல்போர்னில் அவரே அணித் தலைவர். பாகிஸ்தானை 1-0 என்று வென்று மூன்றாவது தங்கத்தையும் கொணர்ந்தார்.

1985-இல், தேசிய விளையாட்டுக் காட்சிச்சாலை ஒன்று அமையவிருப்பதாக அறிந்த பல்பீர் சிங், மெல்போர்னில் தலைவராக அணிந்த மேலங்கியையும், 36 பதக்கங்களையும், நூற்றுக்கு மேற்பட்ட அரிய புகைப்படங்களையும் மத்திய விளையாட்டு ஆணையத்திடம் ஒப்படைத்தார். விலை பேசவில்லை, நாட்டுக்கென்று கொடுத்தார். காட்சிச்சாலை உருவாகவில்லை. 2012-இல் இலண்டனில் ஒலிம்பிக் வரலாற்றுக் கண்காட்சி ஒன்று நடந்தது. உலகின் தலைசிறந்த ஒலிம்பிக் வீரர் பதினாறு பேருள் ஒருவராக அவரை அங்கே சிறப்பித்தார்கள். அதையொட்டி அவருடைய பொருள்களைத் தேடியபோதுதான் அவை எங்கும் இல்லை என்பது வெளிப்பட்டது. தொண்ணூறை நெருங்கும் வயதில் அவர் கேட்டார். குடும்பத்தார் மனுமேல் மனு எழுதினர். 2020 மே 25-ஆம் நாள் பல்பீர் சிங் மறைந்தார். அதுவரை அந்த மேலங்கி அவர் கண்ணில் படவேயில்லை.

திருடு போயிருந்தால்கூட அது எங்கோ ஒரு சேகரிப்பாளரின் பேழையில் உயிரோடு இருக்கிறது என்று தேறலாம். ஒரு கிடங்கில், எதுவென்று எழுதப்படாத பெட்டியில், யாருக்கும் புரியாத பழைய துணியாக அது மக்கிப்போயிருக்குமோ என்ற எண்ணமே நெஞ்சை அதிகம் வருத்துகிறது. சிட்னியில் விலை போன தொப்பியும் பழைய துணிதான். அதனுடைய கதையை அடுத்தவருக்குச் சொல்ல ஒருவர் இருந்தார்.

வீரரின் குடும்பமே பொருளை விற்க முன்வருவதும் உண்டு. 1952-இல் ஹெல்சிங்கியில் மற்போரில் வெண்கலம் வென்ற கஷாபா ஜாதவ், விடுதலை பெற்ற இந்தியாவுக்குத் தனிநபர் பதக்கம் பெற்றுத் தந்த முதல் வீரர். அவருடைய பயணச் செலவுக்காகக் கோல்ஹாபூரில் அவருடைய கல்லூரி முதல்வர் தம் வீட்டையே அடமானம் வைத்தார் என்பார்கள். ஜாதவ் 1984-இல் விபத்தில் இறந்தார். அவர் பெயரால் சொந்த ஊரில் அமைப்பதாக வாக்களித்த மற்போர்ப் பயிற்சிச் சாலை அமையவில்லை என்பதால், அப்பதக்கத்தை ஏலம் விட்டுத் தாமே அதை அமைக்கப் போவதாக 2017-இல் குடும்பத்தார் அறிவித்தனர். 1936-இல் பெர்லினில் ஜெஸ்ஸி ஓவன்ஸ் வென்ற தங்கப் பதக்கங்களுள் ஒன்று 2013-இல் ஏறத்தாழ பதினான்கரை இலட்சம் டாலருக்கு ஏலம் போயிருந்தது. அதை ஓவன்ஸ் தம் நண்பரான ஒரு நடனக் கலைஞருக்கு அளித்திருந்தார். விற்பது பாவம் என்று எளிதாகச் சொல்லிவிடலாம். ஆனால் பதக்கத்தை அலமாரியில் வைத்துக்கொண்டு, அதை வென்றவரின் பெயரை ஊர் மறப்பதைப் பார்த்திருப்பது எத்தகைய சோதனை என்பதை அந்தக் குடும்பத்தாரே அறிவர். விலைக்கு வாங்குபவரைப் பேராசைக்காரர் என்று பழிக்கும் வழக்கமும் நம்மிடையே உண்டு. பல நேரங்களில் பொருளைக் கறையானிடமிருந்து காத்தவர் அவர்தாம் என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும்.

அண்மைக் காலத்தில் தனிப்பட்டவர்களின் முயற்சியால் சில காட்சிச்சாலைகள் தோன்றியுள்ளன. புனே நகரில் மாநில இளைஞர் அணிக்கு ஆடிய ஒருவர் தாம் சேர்த்த மட்டைகளையும் சட்டைகளையும் கொண்டு 2012-இல் ‘பிளேட்ஸ் ஆஃப் குளோரி’ என்னும் கிரிக்கெட் காட்சிச்சாலையைத் தொடங்கினார். கொல்கத்தாவின் நியூ டவுன் பகுதியிலும் விளையாட்டு நினைவுப் பொருள்களுக்கென ஒரு காட்சிச்சாலை அமைந்தது. அஞ்சல் துறையும் தன் பங்குக்கு, 1980-இல் தியான்சந்துக்கும் 1989-இல் நூற்றாண்டு கண்ட மோகன் பாகானுக்கும் 2013-இல் டெண்டுல்கருக்கும் தலைகள் வெளியிட்டது. அஞ்சல் தலை சேர்ப்போர் சில ரூபாயில் வரலாற்றை வாங்கிக்கொள்ளலாம். போலிக்கு அஞ்ச வேண்டியதும் குறைவு.

இனி, என் வீட்டுப் பொருள் ஒன்றைப் பற்றிச் சொல்லி முடிக்கிறேன். என் பெரியப்பா ரயில்வேயில் பணிபுரிந்தவர். கரக்பூர், பிலாஸ்பூர், சக்ரதர்பூர் என்று மாற்றல்மேல் மாற்றல். ஊர் மாறும்போதெல்லாம் ஏதேனும் ஒன்றை விட்டுவிட்டுத்தான் வர வேண்டும். அம்மியை விட்டார்கள், ஊஞ்சற் பலகையை விட்டார்கள், ஒரு முறை நவராத்திரிப் பொம்மைகளையும் விட்டார்கள் என்று பெரியம்மா கடைசி வரை குறைப்பட்டுக்கொண்டிருந்தார். ஆனால் படங்கள் ஒட்டிய ஒரு கோடு போட்ட நோட்டுப் புத்தகம் மட்டும் எல்லா ஊருக்கும் உடன் சென்றது.

அவர் காலமான பின் அது என்னிடம் வந்தது. கோந்து காய்ந்து படங்கள் பல உதிர்ந்துவிட்டன. ஒரு பக்கத்தில் ஊதா மையில் ஒரு கையொப்பம் உள்ளது; யாருடையது என்று படிக்க முடியவில்லை. பெரியப்பா இருந்தபோது நான் கேட்டதும் இல்லை. கடைசிப் பக்கத்தில் சேப்பாக்கம் பந்தயத்தின் நுழைவுச் சீட்டில் பாதி ஒட்டியிருக்கிறது. சீட்டின் அச்செழுத்துகள் மங்கிவிட்டன. அதன் கீழே பென்சிலால் அவர் எழுதியிருப்பது மட்டும் தெளிவாகத் தெரிகிறது: “6-2-52. அண்ணனும் நானும். காலை ஆறு மணிக்கே வரிசை. மன்னர் காலமான செய்தி வந்தது. நாளை ஆட்டம் இல்லையாம். மன்கட் நன்றாக வீசினார். திரும்பும்போது நடந்தே வந்தோம். டிபன் செலவு ஆறணா, அண்ணன் கொடுத்தான்.”